முப்பத்தோரு மீட்டர்

"இங்க அம்சவல்லின்னு யாராவது வேலை செய்யறாங்களா?"

பொம்மைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்த அம்சவல்லி தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அப்பிடி யாரும் இங்க இல்லீங்க."

வாசலில் நின்றவளுக்கு முப்பது வயதிருக்கும். சுடிதார், தோளில் ஒரு கறுப்புப் பை. பீங்கான் தொழிற்பேட்டையில் ஐந்தாறு கம்பெனி ஏறி இறங்கி வந்திருப்பாள் போல. செருப்பெல்லாம் வெள்ளை மண். "ஈரச்சூளைன்னு ஒரு படம். எண்பத்தொண்ணுல இந்த ஊர்லதான் எடுத்தாங்க. அதுல நடிச்சவங்க…" என்று இழுத்தாள்.

பக்கத்தில் அச்சிலிருந்து பொம்மையைப் பிரித்துக்கொண்டிருந்த கமலத்தின் கை நின்றது. கமலத்துக்கு அறுபது வயது. முப்பது வருஷமாக அதே கொட்டகை. அவள் வந்தவளைப் பார்த்தாள், அம்சவல்லியைப் பார்த்தாள். பிறகு, "எதுக்கும்மா தேடற? பட்டதெல்லாம் பத்தாதா அவளுக்கு?" என்றாள்.

அதற்குமேல் மறைக்க ஒன்றும் இல்லை. அம்சவல்லி தூரிகையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாள். 2007ஆம் வருஷம் ஆடி மாதம் அது. அவளுக்கு நாற்பத்தேழு வயது. இருபத்தாறு வருஷமாக அந்தப் படத்தின் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. அவள் காதுபட யாராவது சொன்னால் அந்த இடத்தில் நின்றதும் இல்லை.

அந்தப் படம் எடுத்தபோது அவளுக்கு இருபத்தொன்று. சென்னையிலிருந்து ஒரு கூட்டம் லாரியில் சாமானோடு வந்து இறங்கி இருபது நாள் தங்கியது. சூளையில் வேலை செய்யும் பெண்களைப் பற்றிய கதை என்றார்கள். பேட்டையில் வேலை செய்த பெண்களையே கும்பலில் நிற்க வைத்தார்கள். ஒருநாள் மத்தியானம், சூளைச் சூடு தாங்காமல் அம்சவல்லி தொட்டியடிக்குப் போய்த் தலையோடு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு நின்றதை அந்த டைரக்டர் பார்த்துவிட்டார். "இதையே கேமரா முன்னால செய்வியாம்மா?" என்று கேட்டார். அவள் அம்மா அமிர்தமும் அங்கேதான் வேலை. அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் சரி என்றாள். இழுத்துச் செருகிய சேலை, முழுக்கை ரவிக்கை. அம்மா இரண்டு தப்படி தள்ளி, வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். ஒரு வாளித் தண்ணீர், ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். வேலை முடிந்தது என்று கைதட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் எல்லாம். படம் வருவதற்கு முன்பே ஒரு வாரப் பத்திரிகையில் நாலு வரி வந்தது: விருத்தாசலத்தில் எடுத்த குளியல் காட்சிக்கு சென்சார் எதிர்ப்பாம். அந்த நாலு வரி டீக்கடை டீக்கடையாகப் போயிற்று. படம் 'ஏ' முத்திரையோடு ஊர்த் தியேட்டருக்கு வந்தது. 'ஏ' படத்துக்குப் பொம்பளைகள் போவதில்லை. ஆம்பளைகள் போனார்கள். போய்வந்த அத்தனை பேரும் பார்த்தேன் என்றார்கள். துணியில்லாமல் நிற்கிறாள் என்று ஒருத்தன் சொன்னான். முதுகு மட்டும்தான் என்று இன்னொருத்தன் சொன்னான். கருவேப்பிலங்குறிச்சியில் அவளுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை கொளஞ்சியப்பனின் தாய்மாமன் வந்து, "எங்கண்ணால பாத்தேன்" என்று சொல்லி, வைத்த தட்டைத் திருப்பி வாங்கிப் போனார். அதற்கு இரண்டாம் நாள் அவளுடைய அண்ணன் ராஜமாணிக்கமே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். வந்தவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுப்படியில் கிடந்த விறகுக் கட்டையை எடுத்தான். அவள் இடது மணிக்கட்டு அன்றைக்கு உடைந்தது.

அம்சவல்லி என்ன செய்தாள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஊரே பார்த்தேன் என்கிறது. கூடப்பிறந்த அண்ணன் பார்த்துவிட்டு வந்து அடிக்கிறான். கேமராக்காரர்கள் என்ன மாயம் செய்தார்களோ, வேறு எவள் உடம்பையாவது தன் தலைக்குக் கீழே ஒட்டிவிட்டார்களோ என்று யோசித்து யோசித்து, கடைசியில் அதையே நம்பிவிட்டாள். அதன் பிறகு அவள் போட்டோவுக்கு நின்றதில்லை. ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவில்கூடத் தலையைக் குனிந்திருப்பாள். ஒரு வருஷம் கழித்து, வேப்பூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் மங்களூரில் சாமிக்கண்ணு என்பவருக்கு இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். நல்ல மனுஷன். அவர் போன பிறகு, மகள் வளர்மதியைக் கூட்டிக்கொண்டு பழைய கொட்டகைக்கே வந்து சேர்ந்தாள்.

வந்தவள் பெயர் பிரபா. பழைய படங்களைத் தேடிப்பிடித்து, சுத்தம் செய்து, திரும்பவும் திரையிடுகிற ஒரு சின்ன அமைப்பு அவர்களுடையது.

"அம்மா, நான் உங்களுக்கு ஒண்ணு காட்டணும். உங்க வூட்ல டிவி இருக்குதா?"

"எனக்கு வேணாம்மா."

"உங்க சீன் கெடைச்சிருக்கும்மா."

அம்சவல்லி கிண்ணத்தில் கிடந்த தூரிகையை மறுபடி எடுத்தாள். கமலம்தான், "பாத்துத் தொலையேன்டி. இத்தன வருஷமா நீ ஒருத்திதான் பாக்கல. என்னா இருக்குன்னுதான் பாரேன்" என்றாள்.

வீட்டில் அரசாங்கம் கொடுத்த கலர் டிவி இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து வளர்மதி டிவிடி பெட்டியை வாங்கிவந்தாள். அவள் அரசுக் கல்லூரியில் பி.ஏ. இரண்டாம் வருஷம். அம்மா ஏதோ ஒரு படத்தில் நடித்து அவமானப்பட்டாள் என்பது அவளுக்குத் தெரியும். அதற்குமேல் கேட்கக்கூடாது என்பதும் தெரியும். அம்சவல்லி அவளை வெளியே போகச் சொன்னாள். வளர்மதி போகவில்லை. கதவை மட்டும் சாத்தினாள்.

கறுப்பு வெள்ளைப் படம். சூளை வாயிலிருந்து அனல் கிளம்பி, காற்றே நெளிவது போல் தெரிந்தது. ஒரு பெண் வந்தாள். அம்சவல்லிக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. ஒல்லியாக, கழுத்து நீண்டு, புருவத்தில் மண் ஒட்டி… அந்தப் பெண் கழுத்திலிருந்த தாலியைக் கழற்றிச் சூளைச் சுவரோரத்து ஆணியில் மாட்டினாள். கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தாள். வாளியை எடுத்தாள். தலையோடு ஊற்றிக்கொண்டாள். முகத்தை வழித்துவிட்டு, யாரையோ பார்த்துச் சிரித்தாள். வாய் நிறைய, பல் தெரிய, கண்ணில் தண்ணீர் சொட்டச் சொட்டச் சிரித்தாள்.

படம் நின்றது.

அம்சவல்லி காத்திருந்தாள். "மீதி?" என்றாள்.

"மீதி இல்லீங்கம்மா. இவ்ளோதான். ஒரு நிமிஷம் எட்டு விநாடி."

"இவ்ளோதானாம்மா?" என்றாள் வளர்மதி. "இதுக்காம்மா?"

மகள் கேட்டது காதில் விழுந்தது. ஆனால் அம்சவல்லி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகக் கேட்டாள்: "ஊர்ல ஓடினது வேற மாதிரி இருந்துச்சா? அதுல வேற ஏதாச்சும் சேத்திருந்தாங்களா?"

பிரபாவுக்குப் புரியவில்லை. "ஊர்ல ஓடினதுல இது இல்லவே இல்லீங்களே. இத சென்சார்ல முழுசா வெட்டிட்டாங்க. அப்ப வெட்டின துண்ட அவங்களே வாங்கி வெச்சுக்குவாங்க. அது ஒரு கெடங்குல டப்பாவுல இருந்துச்சு. போன வருஷந்தான் எங்க கைக்கு வந்துச்சு."

"எப்ப வெட்டினாங்க?"

"படம் வர்றதுக்கு மூணு மாசம் முன்னாடியே. ஜூன்ல வெட்டியாச்சு. செப்டம்பர்லதான் ரிலீஸ்."

"அப்ப தியேட்டர்ல…"

"ஒரு நாள்கூட ஓடலம்மா. எந்த ஊர்லயும் ஓடல. டைரக்டர், எடிட்டர், சென்சார்ல உக்காந்திருந்த நாலு பேரு, அவ்ளோ பேருதான் இத அந்தக் காலத்துல பாத்தவங்க."

அம்சவல்லி எழுந்தாள். எதற்கு எழுந்தாள் என்று தெரியாமல் குடத்தடிக்குப் போனாள். சொம்பில் தண்ணீர் மொண்டாள். குடிக்காமல் திரும்பக் குடத்திலேயே ஊற்றினாள். மறுபடி மொண்டாள், மறுபடி ஊற்றினாள். வளர்மதி வந்து கையைப் பிடித்தபோதுதான் நிறுத்தினாள்.

பிரபா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். சென்சார் கொடுத்த உத்தரவின் நகல், இங்கிலீஷில் இருந்தது. கீழே அவளே தமிழில் எழுதி வைத்திருந்தாள். வளர்மதி வாங்கிப் படித்தாள்: "சூளையருகே பெண் தாலியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சிரிக்கும் காட்சி, தாலியின் புனிதத்துக்கு ஊறு செய்வதால், முழுவதும் நீக்கப்பட வேண்டும். நீளம் முப்பத்தோரு மீட்டர்."

"தாலியா?" என்றாள் அம்சவல்லி. "தண்ணி ஊத்துனதுக்கு இல்லியா?"

"தண்ணியப் பத்தி ஒரு வார்த்த இல்லம்மா."

அது படத்துக்காகப் போட்ட தாலி. அதை ஆணியில் மாட்டச் சொன்னதே அவள்தான். கொட்டகையில் கல்யாணமான பெண்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். சூளைக்குள் போனால் உலோகம் சூடேறி நெஞ்சு கொப்பளித்துவிடும். ஆணியில் ஏன் தாலி தொங்குகிறது என்று டைரக்டர் கேட்க, அவள் விவரம் சொல்ல, அவர் அதையும் சேர்த்துக்கொண்டார். அதைப் பற்றி ஊரில் ஒருத்தர்கூடப் பேசியதில்லை. பேச முடியாது. பார்த்தால்தானே பேச?

"இப்ப திரும்பவும் சென்சாருக்குப் போட்டோம்" என்றாள் பிரபா. "ஒரு வெட்டும் இல்லாம 'யு' குடுத்துட்டாங்க. கொழந்தைங்களும் பாக்கலாமாம். பாத்த ஒருத்தரு, 'இதுல என்னத்த வெட்டினாங்க?'ன்னு எங்களையே கேட்டாரு. அடுத்த ஞாயித்துக்கெழம இங்க மண்டபத்துல போடறோம். நீங்க வரணும்."

மறுநாள் காலை அம்சவல்லி வேலைக்குப் போகவில்லை. ஊருக்கு வெளியே, தண்டவாளம் ரோட்டைக் கடக்கும் இடத்துக்கு நடந்தாள். அங்கேதான் ராஜமாணிக்கம் கேட்கீப்பர். வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் வீட்டில் அண்ணி கனகா இருப்பாள், மருமகள் இருப்பாள்.

"வூட்டுக்கு வரக்கூடாதா? இங்க ஏன் வந்த?" என்றான் அவன். ஐம்பத்திரண்டு வயதுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. உள்ளே இருந்த ஸ்டூலைத் தூக்கிப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அந்தப் படத்த நீ பாத்தியா?"

"எந்தப் படம்?"

"எனக்கு எத்தன படம் இருக்குது?"

அவன் முகம் மாறியது. "அத ஏன் இப்ப கெளப்பற? அதெல்லாம் முடிஞ்சு போன கத."

"பாத்தியா, பாக்கலியா?"

போன் மணி அடித்தது. அவன் பேசிவிட்டு வந்து கேட்டை இறக்கினான். வேப்பூர்ப் பக்கம் போகும் இரண்டு லாரியும் ஒரு பஸ்ஸும் வந்து நின்றன. அவன் பச்சைக் கொடியைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்து நின்றான். அவள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சரக்கு ரயில் ஒன்று நிதானமாகப் போயிற்று. கடைசிப் பெட்டியும் போன பிறகு அவன் கேட்டைத் தூக்கப் போகவில்லை.

"பாத்தேன்" என்றான், திரும்பாமலே. "ரெண்டு ஆட்டம் பாத்தேன்."

"என்ன பாத்த?"

"ஒண்ணும் பாக்கல."

அவனே பேசினான்.

"பகல் ஆட்டம் போனேன். இப்ப வரும், இப்ப வரும்னு உக்காந்திருந்தேன். கையெல்லாம் வேர்த்துப் போச்சு. வணக்கம்னு போட்டுட்டான். நீ வரவே இல்ல. ஒரு எடத்துல கும்பலோட கூடையத் தூக்கிட்டுப் போற, அவ்ளோதான். எனக்கு உசுரே திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. இத நேரா வந்து அம்மாகிட்ட சொல்லணும்னுதான் எழுந்து ஓடி வந்தேன். வெளிய கருப்பன் டீக்கடையில பத்துப் பேரு நிக்கறாங்க. 'என்னடா, பாத்தியா தங்கச்சிய?'ன்னு அதுல ஒருத்தன் கேட்டான். 'வரலியேடா'ன்னேன். பக்கத்துல இருந்தவன், 'பாவம், அந்த நேரத்துல கண்ண மூடிக்கிட்டிருந்திருப்பான்'னான். எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கே சந்தேகம் வந்துட்டுது. திரும்பவும் டிக்கெட் வாங்கி உள்ள போனேன். கண்ண இமைக்காம பாத்தேன். வரல, அம்சா. வரவே இல்ல."

"அப்ப ஏன் அடிச்ச?"

பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். அவன் கொடியைச் சுருட்டினான், விரித்தான், சுருட்டினான்.

"வரலன்னு சொன்னா எவன் நம்புவான்? தங்கச்சிக்காகப் பொய் சொல்றான்னுதான் சொல்லுவானுங்க. நான் வூட்டுக்கு வர்றப்ப தெருவே நம்ம வாசல்ல நின்னுச்சு. நான் என்னா செய்யப் போறேன்னு பாத்துட்டு நின்னுச்சு. அடிக்கலன்னா… நானும் மானங்கெட்டவன்னு ஆயிடும்."

"தெரிஞ்சே அடிச்ச."

"அம்சா…"

"நான் செய்யலன்னு தெரிஞ்சே அடிச்ச."

"யோவ், கேட்டத் தூக்குய்யா! ரயிலு போயி எவ்ளோ நேரமாவுது?" என்று ஒரு டிரைவர் இறங்கி வந்து கத்தினான். ராஜமாணிக்கம் ஓடிப்போய்க் கேட்டைத் தூக்கினான். லாரிகள் கிளப்பிய புழுதி இருவருக்கும் நடுவில் எழுந்து, மெல்ல அடங்கியது. அவளுக்கு அழுகை வரவில்லை. நேற்று கேட்டதைவிட இது பெரியது. நேற்றுத் தெரிந்தது ஊர் பொய் சொன்னது. ஊர் அவளுக்கு யார்? இவன் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு மணிமுத்தாற்றுத் திருவிழாவுக்குப் போனவன்.

அவன் திரும்பி வந்து குரலைத் தாழ்த்தினான். "மண்டபத்துல படம் போடறாங்களாமே. அங்க இதச் சொல்லிடாத. எனக்கு மருமவ வந்திருக்குது. பேரன் இருக்கறான்."

"எனக்கும் அப்ப மாப்ள பாத்து வெச்சிருந்தீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். வீடு வந்து சேர்ந்தது எப்படி என்று அவளுக்கு நினைவில்லை. கதவைத் தாழ்போட்டுக்கொண்டு தரையில் படுத்தாள். மத்தியானம் வளர்மதி வந்து தட்டியபோதும் எழுந்திருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு மண்டபத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள், வாத்தியார்கள், பேட்டைப் பெண்கள், பழைய படம் என்றதும் வந்து உட்கார்ந்த பெரியவர்கள். நாடார் கடை அண்ணாச்சி முதல் பேட்டை காவலாளி வரை அவளுக்குத் தெரிந்த முகங்கள். அம்சவல்லி மூன்றாம் வரிசையில் கமலத்துக்கும் வளர்மதிக்கும் நடுவில் உட்கார்ந்தாள். ராஜமாணிக்கம் வரவில்லை.

படம் ஓடியது. அவள் காட்சி வந்தது. பிள்ளைகள் வரிசையில் ஒருத்தன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு குழந்தை தண்ணீர் கேட்டது. பேட்டைப் பெண்கள் மட்டும், ஆணியில் தாலியை மாட்டிய இடத்தில், "ஏ, நம்ம கொட்டகதான்டி!" என்று சத்தமாகச் சொல்லிச் சிரித்தார்கள். காட்சி போய்விட்டது. அடுத்த காட்சி வந்துவிட்டது.

விளக்குப் போட்டதும் பிரபா மேடையேறினாள். படத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, "எண்பத்தொண்ணுல இந்த ஊர்ல ஓடினப்ப பாத்தவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

கைகள் எழுந்தன. பதினாலு, பதினைந்து கை இருக்கும். எல்லாம் ஐம்பது தாண்டிய ஆண்கள்.

"அந்தத் தொட்டியடிக் காட்சி உங்களுக்கு ஞாபகம் இருக்குதா?"

ஒரு கைகூட இறங்கவில்லை. முன்வரிசையிலிருந்து கருப்பன் எழுந்தார். டீக்கடை வைத்திருந்த அதே கருப்பன்; எழுபதைத் தாண்டிவிட்டார், கையில் ஊன்றுகோல். "நல்லா ஞாபகம் இருக்குது. ஆனா இப்ப பாதியத்தான் காட்டறீங்க. அந்தக் காலத்துல நான் பாத்தப்ப இன்னும் நெறைய இருந்துச்சு. இப்ப சென்சார்ல வெட்டிப்புட்டானுவ போலருக்குது" என்றார். அவர் வம்புக்குச் சொல்லவில்லை. தெரிந்த விஷயத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். பக்கத்திலிருந்த இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

பிரபாவுக்குக் கையிலிருந்த மைக்கை எங்கே பிடிப்பது என்றே தெரியவில்லை.

அம்சவல்லி எழுந்தாள். வளர்மதி, "அம்மா" என்று சேலையைப் பிடித்தாள். அவள் விடுவித்துக்கொண்டு மேடைக்குப் போனாள். அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தாள்.

"என் பேரு அம்சவல்லி. அந்தத் தண்ணி ஊத்திக்கிட்டவ நான்தான்" என்றாள். மைக்கில் குரல் பெரிதாக வந்ததும் ஒருகணம் பயந்துபோய் நிறுத்தினாள். பிறகு தாளைப் படித்தாள். எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு வார்த்தையாக. முப்பத்தோரு மீட்டர் வரைக்கும் படித்தாள். "இத ஜூன் மாசம் வெட்டிட்டாங்களாம். படம் செப்டம்பர் மாசம் வந்துச்சு. இந்த ஊர்ல யாருமே இதப் பாக்கல. இன்னைக்குத்தான் மொத மொத பாக்கறீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். யார் பெயரையும் சொல்லவில்லை.

தூக்கியிருந்த கைகள் எப்போது இறங்கின என்று யாரும் கவனிக்கவில்லை. பேட்டைப் பெண்கள் பக்கத்திலிருந்து கமலத்தின் குரல் மட்டும் கேட்டது: "தாலிய ஆணில மாட்டுனதுக்கா வெட்டுனானுவ? நாங்க தெனம் மாட்டுனோமே! மாட்டலன்னா நெஞ்சு வெந்து செத்திருப்போம். அதச் சொன்னானுவளா எவனாச்சும்?"

கருப்பன் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"அப்ப நான் பாத்தது என்னாம்மா?" என்று அம்சவல்லியையே கேட்டார். "முதுகு தெரிஞ்சுது. தண்ணி வழிஞ்சுது. என் கண்ணுக்குள்ளயே நிக்குதே. எத்தன பேருக்குச் சொல்லியிருப்பேன்! நான் பொய் சொல்லல தாயி. சத்தியமா பாத்தேன்…"

அவர் தன்னைச் சுற்றிப் பார்த்தார். தலையாட்டிய இரண்டு பேரும் இப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணைக் கசக்கினார். பொய் சொன்னவனாக இருந்திருந்தால் அம்சவல்லி அவர் முகத்தில் காறித் துப்பியிருப்பாள். ஆனால் அந்த முகத்தில் இருந்தது, வீடு வந்து கதவைத் திறந்தவன் உள்ளே வேறு யாரோ குடியிருப்பதைப் பார்த்தது போன்ற திகைப்பு. அவள் மைக்கைப் பிரபாவிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

வெளியே வரும்போது இரண்டு மூன்று பெண்கள் அவள் கையைப் பிடித்தார்கள். ஆண்களில் ஒருத்தரும் வரவில்லை. வழியை விட்டு ஒதுங்கி நின்றார்கள்.

புதன்கிழமை மத்தியானம் ராஜமாணிக்கம் அவள் வீட்டுக்கு வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே நின்றான்.

"என் பேரச் சொல்லலியாமே" என்றான்.

"சொல்லல."

"கனகாகிட்ட நானே சொல்லிட்டேன். ரெண்டு நாளா எங்கிட்ட பேசல. சோறு போட்டுட்டுப் போயிடறா." கொஞ்சம் நிறுத்தி, "மன்னிச்சிடுன்னு கேக்க எனக்கு வாயி இல்ல" என்றான்.

"கேக்காத" என்றாள் அம்சவல்லி. "கேட்டா நான் சரின்னு சொல்லணும். என்னால சொல்ல முடியாது. நீ உள்ள வந்து உக்காரு. நீ ஒண்ணும் பேச வேணாம். நான் பேசறேன். நீ கேளு."

அவன் வந்து சுவரோரம் உட்கார்ந்தான். அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா சாவறதுக்கு மொத நாளு, ஆஸ்பத்திரியில, நீ டீ வாங்கப் போயிருந்த. என்னக் கிட்டக் கூப்புட்டு என்னா கேட்டுச்சு தெரியுமா? 'உண்மையச் சொல்லுடி. நான் தண்ணி குடிக்கப் போன நேரத்துல அவனுவ வேற ஏதாச்சும் எடுத்தானுவளா?'ன்னு கேட்டுச்சு. பக்கத்துலயே நின்ன அம்மா. முழுசா பாத்த அம்மா. அதுக்கே அப்பிடி ஒரு சந்தேகம். 'எடுக்கலம்மா'ன்னேன். நம்பாமத்தான் கண்ண மூடுச்சு. நீ வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நம்பியிருக்கும்."

ராஜமாணிக்கம் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். விரல் இடுக்கு வழியே ஒரு சத்தம் வந்தது. அம்சவல்லி நிறுத்தவில்லை. மங்களூருக்குப் போன முதல் நாள் மாமியார் கேட்டதைச் சொன்னாள். வளர்மதி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் ஒருத்தி இன்னொருத்தியிடம் கிசுகிசுத்ததைச் சொன்னாள். அவள் இதுவரை யாரிடமும் சொல்லாததையெல்லாம் சாவகாசமாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு அவனுக்கு டூட்டி. எழுந்தபோது, "இன்னும் இருக்குது" என்றாள் அவள்.

"ஞாயித்துக்கெழம வரேன்" என்றான் அவன்.

வந்தான். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தான்.